செல்வாம்பாள் கேட்டது

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஆடி மாதம், 1957

என் கண்ணான ஜெயத்துக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் காய்ச்சல் விட்டு எழுந்து நடமாடுகிறோம், பிரான்சில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாயா என்பதை முதலில் எழுது. அப்பாவுக்கு இன்னும் வாய்க்கசப்பு போகவில்லை, ரசம் சோறு தவிர எதுவும் இறங்கவில்லை. ஊரே இந்த ஃப்ளூ காய்ச்சலில் படுத்துவிட்டது, மில்லில் ஆளில்லாமல் பாதித் தறி ஓடவில்லை.

அங்கே நீ வேலை பழகும் குடும்ப டாக்டர் இந்தக் காய்ச்சல் வீட்டுக்குள் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்கிறார், நம் தெருவிலும் முதலில் யாருக்கு வந்தது, அடுத்து யாருக்கு, யாருக்கு வரவே இல்லை என்று விசாரித்து எழுதம்மா என்று கேட்டிருந்தாயே, தலைசுற்றல் நின்றதும் போனேன். உன் பெயரைச் சொன்னதும் எல்லா வீட்டிலும் பாய் போட்டார்கள், நீ மருந்து அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு. வெறும் கேள்வியைத்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்ல வாய் கூசியது.

பக்கத்து வீட்டு செல்வாம்பாள் வீட்டிலும் கேட்டேன். அவள் புருஷன் கோவிந்தசாமி மில்லிலிருந்து காய்ச்சலோடு வந்தானாம், பிறகு பிள்ளைகள், கடைசியில் அவள். நான் போவதற்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கோவிந்தசாமி சிரித்துக்கொண்டே, "மொதல்ல எனக்குத்தான், நான்தான் ஊட்டுக்குக் கொண்ணாந்தேன்னு எழுதிக்குங்கக்கா" என்றான். அந்த வாரமே அவனுக்குக் காய்ச்சல் திரும்பி நெஞ்சில் இறங்கிவிட்டது. டாக்டர் வந்து ஊசி போட்டுப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே தாழ்வாரத்தில்கூட இடமில்லை, ஒரு ஓரமாகப் பாய் விரித்துப் படுக்கவைத்தோம். உதடெல்லாம் நீலம் பாரித்து மூச்சுக்குத் தவித்தான் ஜெயம், விசிறுவதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. மறுநாள் மத்தியானம் போய்விட்டான்.

காரியம் முடிந்த பிறகு செல்வாம்பாள் வந்தாள். அழவில்லை. "எனக்குந்தான் வந்துச்சு, புள்ளைங்களுக்கும் வந்துச்சு, நாங்கல்லாம் எழுந்துட்டோம். கல்லு மாதிரி இருந்த மனுசன், அவரு மட்டும் ஏங்க்கா போனாரு? உங்க பொண்ணுக்கு எழுதிக் கேளுங்க" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் இன்னும் தபாலில் சேரவில்லை, அதற்குள் தபால்காரர் தெருவில் வந்தால் வாசலில் வந்து நிற்கிறாள்.

நீ கேட்டது எல்லாம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இதையும் உன் டாக்டரிடம் கேள். அவருக்கும் தெரியாது என்றால் தெரியாது என்றே எழுது.

நோயாளி வீட்டுக்குப் போய்வந்தால் கைகால் கழுவாமல் சாப்பிடாதே, குளிரில் தலையை மூடிக்கொள். உனக்கு ஒரு குறையும் வராமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். மறக்காமல் செல்வாம்பாளுக்குத் தனித்தாளில் பெரிய எழுத்தாக எழுது, அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். நான் படித்துச் சொன்னால் எதையாவது மறைத்துவிடுவேன் என்று நினைக்கிறாள்.

உன் அம்மா,
அமிர்தவல்லி