ரோஸியின் பேட்ஜ்

ஆகஸ்ட் 25, திங்கள்

பட்டாணி, இன்றைக்கு விடிந்தும் விடியாத மாதிரி. எதிர்மலை தெரியவில்லை. பேத்துப்பாறையில் முதல் பஸ்ஸுக்கு நானும், கூட வேலை பார்க்கும் பேச்சியும் மட்டும். ஹோட்டலில் எட்டு ரூம் சுத்தம் செய்தேன். முட்டி வலி.

உன் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கோவித்துக்கொள்ளாதே. முன்பக்கத்தில் ஹோட்டல் டிரெய்னிங்கில் நீ எழுதியது அப்படியே இருக்கிறது. 'நம்ம பேர்தான் நம்ம வளர்ச்சி. சிரித்த முகம். நம்ம கை வேலை ஒன்று ரூமில் இருக்க வேண்டும் (யானை!). போகும்போது பேரைச் சொல்லி எழுதச் சொல்ல வேண்டும்.' அஞ்சாவது வரைக்கும் படித்த எனக்கே உன் எழுத்து நன்றாக வாசிக்க வருகிறது.

நீ காய்ச்சலில் போய் ஏழு மாதம். உன் சோலியை மேனேஜர் மேடம் எனக்குக் கொடுத்து ஆறு மாதம். புது பேட்ஜ் வரும்வரை என்று உன்னுடையதையே குத்திவிட்டார்கள். எனக்கு நீ பட்டாணி; ரோஜாமணி என்ற உன் பேரைச் சுருக்கி அவர்கள் வைத்தது ரோஸி. அன்றிலிருந்து கெஸ்டுக்கெல்லாம் நான்தான் ரோஸி.

நீ எழுதி வைத்த அட்டை, மீதி 11. 'என் பேர் ரோஸி. ரூம் பிடித்திருந்தால் என் பேரைச் சொல்லி எழுதுங்கள்.' இங்கிலீஷில் ஒரு கட்டு எழுதி வைத்திருந்தாய். ரூமுக்கு ஒன்று வைக்கிறேன். காலி செய்த ரூமில் குப்பைக்கூடையில் கிடந்தால் துடைத்து எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கு இரண்டு கிடைத்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

தூறல். போர்வை ஒன்றும் காயவில்லை.

ரிசப்ஷன் சதீஷ், கெஸ்ட் எழுதிப் போனில் வந்ததை வாசித்தான். "ரோஸி அன்பாகக் கவனித்தார். நன்றி ரோஸி." இந்த மாதம் நாலாவது. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

"என்னக்கா, பரிட்சை ரிசல்ட்டா இது?"

பக்கெட்டோடு நின்ற பேச்சி, "மக பேர்ல எலெக்சன்ல நிக்கிறா. ஓட்டு எண்ண வேணாமா?" என்றாள். சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர்களுக்கு எங்கே தெரியும். அந்தப் போனில் மட்டும்தான் நீ இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறாய்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மேடம் கூப்பிட்டார். சூப்பர்வைசர் இடம் காலியாம்.

"இந்த முட்டிய வச்சுக்கிட்டு எத்தனை நாள் கட்டில் தள்ளுவீங்க? இது ரூமைப் பாத்து டிக் அடிக்கிற வேலை. உங்களைத்தான் மேல சொல்லணும்னு இருக்கேன். ஆனா ஹெட் ஆபீஸ்ல கெஸ்ட் எழுதுற பேரை வச்சுத்தான் பாப்பாங்க. வந்ததெல்லாம் ரோஸி பேர்ல இருக்கு. உங்க பேர்ல ஒண்ணுகூட இல்ல."

"இந்த ஆறு மாசமும் செஞ்சது நான்தானுங்க."

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே. தீபாவளிக்குள்ள உங்க பேர்ல அஞ்சாறு வரட்டும். இல்லன்னா வெளிய இருந்து ஆள் எடுத்துருவாங்க. ஒண்ணாந்தேதியில இருந்து சொந்தப் பேர் போட்டுக்கங்க. அன்னத்தாய் நீளமா இருக்கு, வெளியூர்க்காரங்க வாயில நுழையாது. அன்னான்னு அடிக்கச் சொல்லிட்டேன். பழசைக் குடுத்துருங்க. பேரை மாத்தி வேற பிள்ளைக்குக் குடுக்கணும்."

தலையை ஆட்டினேன். பஸ்ஸில் பேட்ஜைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டே வந்தேன்.

வாங்க: தைலம், சோப்பு, ஊசி.

ஆகஸ்ட் 30, சனி

கூட்டம். பத்து ரூம். உட்காரவே இல்லை.

ஆறாம் நம்பரில் கோயம்புத்தூர் டீச்சரம்மா. ரிட்டயர் ஆனவர், தனியாக வந்திருக்கிறார். பேட்ஜைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"ரோஸி சின்னப் பொண்ணாச்சே. போன வருஷம் அவதான் இருந்தா. துண்டுல யானை செய்வாளே, தும்பிக்கை அப்படியே மேல நிக்கும்." கட்டிலைக் காட்டினார். "இது என்னங்க, எலியா?"

"யானைதாங்க."

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. "ரோஸி எங்கே?" என்றார்.

"லீவுல இருக்காங்க."

உன்னை 'ங்க' போட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

பையிலிருந்து ஊதா நிறத்தில் கம்பளிக் குல்லா எடுத்துக் கொடுத்தார். அவரே பின்னியது. "காதை மூடாமயே ஓடிட்டிருப்பா. வந்தா குடுத்துருங்க."

வாங்கி வந்து பெட்ஷீட் அடுக்குக்குள் வைத்தேன். வீட்டுக்குக் கொண்டுவரத் தைரியம் இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வெள்ளனே போய் ஆறாம் நம்பர் கதவைத் தட்டினேன். குல்லாவை நீட்டினேன்.

"நேத்து பொய் சொல்லிட்டேங்க. ரோஸி என் மக. தை மாசம் காய்ச்சல்ல போயிட்டா."

டீச்சரம்மா கட்டிலில் உட்கார்ந்தார். நகர்ந்து எனக்கும் இடம் விட்டார். கெஸ்ட் கட்டிலில் நாங்கள் உட்காரக் கூடாது. உட்கார்ந்தேன்.

போன வருஷப் படம் வைத்திருந்தார். கட்டில் நடுவில் உன் யானை, தும்பிக்கை நட்டமாக நிமிர்ந்து. பக்கத்தில் உன் கை, வளையல் வரைக்கும். முகம் விழவில்லை. கையைப் பெரிசாக்கிக் காட்டச் சொன்னேன். விரலில் பிளாஸ்திரி. என்றைக்கு வெட்டிக்கொண்டாய்? என்னிடம் சொல்லவே இல்லையே.

"உங்க பேர் என்னங்க?"

"அன்னத்தாய்."

"அன்னத்தாய்" என்று முழுசாகச் சொன்னார். நீளம் ஒன்றும் தடுக்கவில்லை அவருக்கு.

குல்லாவைத் திரும்ப வாங்கவில்லை. "நீங்க போட்டுக்கங்க. உங்களுக்கும் காது இருக்கில்ல."

செப்டம்பர் 1, திங்கள்

வெயில். எதிர்மலை முழுசாகத் தெரிந்தது.

பேட்ஜைக் கொடுத்துவிட்டேன். சதீஷ் அதில் ரோஸி என்று ஒட்டியிருந்த தாளை மட்டும் நகத்தால் உரித்து, நான் கேட்காமலே என் கையில் வைத்தான். அதை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ஓரம் கிழிந்துவிட்டது. புதுசைச் சேலையில் பழைய ஓட்டையிலேயே குத்தினேன். உன் அட்டை மூன்று இருக்கிறது. இனி ரூமில் வைக்கப் போவதில்லை.

டீச்சரம்மா எழுதியது வந்துவிட்டது. "அன்னத்தாய் என் சொந்தக்காரர் போலக் கவனித்தார். அவர் மகள் ரோஸியின் யானையை நான் மறக்கவில்லை."

மேடம் இரண்டு தடவை வாசித்தார். "ஒரே ரிவ்யூல ரெண்டு பேரு. ஹெட் ஆபீஸ்ல என்ன சொல்வாங்களோ. சரி, ஒண்ணு வந்துருச்சு. யானைக்குத்தான் பேர் இருக்கு, அதையே பிடிச்சுக்கங்க. இனிமே உங்க எல்லா ரூம்லயும் யானை நிக்கணும்."

மத்தியானம் ஆறாம் நம்பர் காலி. ஐந்து தடவை செய்து பார்த்தேன். காது வருகிறது. கால் வருகிறது. தும்பிக்கை தொங்கிவிடுகிறது. பேப்பரைச் சுருட்டி வைத்தேன், சாய்ந்தது. ஹேங்கர் கம்பி, துண்டைக் கிழித்தது. ஷாம்பு பாட்டில், தடியாகத் தெரிகிறது.

"உள்ள எதையோ சொருகுவா" என்றாள் பேச்சி. "கேட்டா, தொழில் ரகசியம்னு சிரிப்பா."

நோட்டு முழுக்கத் தேடிவிட்டேன். யானை என்று மட்டும்தான் எழுதியிருக்கிறாய்.

அது நிற்பதற்கு உள்ளே என்ன வைப்பாய், பட்டாணி?