நிழலில் காட்டிய எண்

பீரோவில் சேலை எடுக்கும்போது உங்கள் வெயில் களிம்பு டியூப் கையில் பட்டது. மூடியைத் திறந்தேன். அதே வாசம். விரலில் கொஞ்சம் பிதுக்கிவிட்டு, யார் காதில் தடவுவது என்று தெரியாமல் நின்றேன்.

பிறவியிலேயே உங்கள் தோலிலும் முடியிலும் நிறம் கிடையாது. "வெள்ளைக்காரரே" என்று கேலி செய்தால், "வரிய எடுத்து வையி மாப்ள" என்று கையை நீட்டுவீர்கள். மேலூர் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் வேலை. போர்டு படிக்கக் கண் பத்தாது. ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று சொல்லிவிடுவீர்கள். வெயில் ஆகாது என்பதால் நாள் முழுக்கக் கூரையோர நிழலைவிட்டு நகர மாட்டீர்கள். சேர்ந்து நின்றால் வெயில் பக்கம் நான், உள்பக்கம் நீங்கள். அது போதும் என்றுதான் நம்பினோம்.

காது மடலில் ஆறாத புண் வந்த பிறகு, நம் மகள் தன் கல்லூரியிலிருந்து புற ஊதாக் கதிரை அளக்கும் மீட்டரைக் கேட்டு வாங்கி வந்தாள். ஆடி மாதம்; காற்றும் மேகமுமாக இதமான நாள். வெட்டவெளியில் ஒன்பது காட்டியது. நீங்கள் நிற்கும் நிழலில் நாலு. மூணு வந்தாலே தோலுக்கு ஆகாது என்றாள்.

"நெழல்ல சூடே இல்லையேத்தா?"

"சூடு வேறப்பா, இது வேற. மேகத்தைத் தாண்டி வருது. வானம் பூரா செதறி நெழலுக்குள்ளயும் வருது. எங்க தோல்ல இருக்க கருப்பு கொஞ்சம் தடுத்துரும். உங்களுக்குத் தடுக்க ஒண்ணுமில்ல, உள்ள போய் செல்லைக் கெடுத்துருது."

மீட்டரை மூக்கருகே வைத்துப் பார்த்தீர்கள். "அப்ப நான் எங்கிட்டுத்தான் நிக்க?" என்று சிரித்தீர்கள். அவள் மீட்டரை வாங்கிப் பைக்குள் வைத்தாள். மறுநாளும் அங்கேதான் போய் நின்றீர்கள். வேறு வேலை யார் கொடுத்தார்கள்?

களிம்பு அதற்கப்புறம்தான் வந்தது. புண் இல்லாத காதிலும் கழுத்திலும் தினமும் தடவிவிட்டேன். அதற்குள் அந்தப் புண்ணிலிருந்த புற்று கழுத்துக்கு இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "இம்புட்டு வருசமா வெயில்லயா நின்னாரு?" என்று கேட்டார்.

"இல்லம்மா, நெழல்லதான்" என்றேன்.

இப்போது செல்போனே அந்த எண்ணைக் காட்டுகிறது. பார்த்து என்ன செய்ய? கோபம்தான் வருகிறது. நேற்று பஸ்ஸுக்காக நின்றபோது பக்கத்திலிருந்த பெண், "உள்ள தள்ளி நில்லுங்கக்கா, எடம் சும்மாதான கெடக்கு" என்றாள். நான் நகரவில்லை. இன்னமும் வெயில் பக்கம்தான் நிற்கிறேன். உள்பக்கம் உங்கள் இடம்.

அங்கேயும் நாலு விழுந்துகொண்டுதான் இருக்கும்.