ஈறில் ரத்தமும் மனோகரன் வைத்தியமும்

நவ. 10, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. வாஷ்பேசினில் இன்றும் ரத்தம். கேட்டால் இவர், "பிரஷ் குத்திடுச்சு." தினமுமா குத்தும்? ஆவடி போய் மெத்தென்ற பிரஷ் வாங்கி வந்தேன். தொடவே இல்லை. ரத்தம் வருகிறதாம், அதனால் விரலால் தேய்க்கிறாராம். பல் டாக்டரிடம் போகலாம் என்றால், "மேல் பல்லுல கை வெச்சா கண்ணு போயிடும்." பிடுங்கவா கூப்பிட்டேன்? போன வருஷம்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது. எது வந்தாலும் எனக்குப் பகீரென்கிறது. இவருக்கு ஒன்றுமில்லை.

நவ. 12, புதன்
மழை. குவார்ட்டர்ஸ் முழுக்கச் செய்தி பரவியாயிற்று. மேல் வீட்டம்மா: "சத்துக் குறைச்சல், நெல்லிக்காய் குடுங்க." நாத்தனார் போனில்: "சுகர் இருக்கா பாருங்க அண்ணி." ஃபேக்டரியில் இவரோடு வேலை பார்க்கும் மனோகரன்: "படிகாரத் தண்ணி கொப்ளி மச்சான்." உப்பு, கிராம்பு, படிகாரம்... வீடே நாட்டு மருந்துக் கடை. டாக்டரிடம் போ என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

நவ. 15, சனி
ரத்தம் நின்றுவிட்டது. "பாத்தியா?" என்று பல்லைக் காட்டிச் சிரிப்பு. எனக்கும் நிம்மதி.

சாயங்காலம் பால் கடையில் மனோகரன். "இன்னா தங்கச்சி, நின்னுச்சா? நான்தான் சொன்னேன். அந்த ஆர்ட் மாத்திர ரத்தத்தத் தண்ணியாக்கிகினு கீது, அத்த நிறுத்து மச்சான்னேன்."

ஸ்டென்ட் அடைக்காமலிருக்கக் கொடுத்த மாத்திரை. விடவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்ன மாத்திரை. எப்படி வீடு வந்தேனோ. "ஏங்க நிறுத்தினீங்க?"

"ரத்தம் வருதுன்னு நீதானே தினமும் கத்தினே."

ஆட்டோ. ஹார்ட் டாக்டர். ஈசிஜியில் கோளாறு இல்லை, சாமி காப்பாற்றியது. "ரத்தம் வந்தா எங்கிட்ட வரணும். நீங்களா நிறுத்துறதா?" என்று நல்ல திட்டு. எனக்கும் சேர்த்து. மாத்திரை அங்கேயே போடவைத்தார்.

நவ. 17, திங்கள்
பல் டாக்டர், சின்னப் பெண். பல்லிடுக்கெல்லாம் அழுக்கு இறுகிப் படிந்த காரை, ஈறு வீக்கம். மாத்திரையால் கொஞ்சம் கூடுதலாக வருமாம், ஆனால் மூலக் காரணம் காரைதானாம். பிரஷ் போடாமல் விட்டதில் இன்னும் மோசம். சுகரும் பார்க்கச் சொன்னாள். "ரெண்டு வாரத்துக்கு மேல ரத்தம் வந்தா, ஈறு வீங்கினா, பல் ஆடினா வரணும். இந்த மாத்திரை போடறவங்க அதுவரைக்கும்கூட காத்திருக்கக் கூடாதுங்க." சுத்தம் செய்து அனுப்பினாள்.

நவ. 18, செவ்வாய்
வெயில். துணி மூன்று பக்கெட். பேசினில் இன்றும் லேசாகச் சிவப்பு. சில நாள் இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினாள். ஆனாலும், "வருதுடீ!" என்று ஒரே கூச்சல். வரட்டும் என்றேன். மாத்திரையைக் கையில் கொடுத்து முழுங்கும்வரை எதிரே நின்றேன். வாயைத் திறக்கச் சொன்னேன், நாக்கைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.