சுடுகிற கோப்பை

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே நான் சுகம். பாப்பாவின் இருமல் விட்டதா? உன் முதுகுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறாயா, இல்லை வழக்கம்போல வாய்ப்பேச்சுதானா?

ஒரு வேடிக்கை சொல்கிறேன், பயந்துவிடாதே. நேற்று ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனேன். தனிக்கட்டை. பாத்திரம் கழுவும் மெஷினில் தண்ணீர் சுடவில்லை என்று புகார். மீட்டர் வைத்துப் பார்த்தால் ஹீட்டர் செத்துக் கிடந்தது. ஒருமுறை ஓடவிட்டுத் திறந்தேன். எல்லாப் பாத்திரமும் ஜில்லென்று இருக்க, ஒரு பூப்போட்ட கோப்பையில் மட்டும் ஆவி பறந்தது. எடுத்தேன், கையைச் சுட்டுவிட்டது.

“அது போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரியோடது. எப்பவும் சுடும். நீ மத்ததைப் பாருப்பா” என்றார், சர்வசாதாரணமாக.

புது ஹீட்டர் மாட்டினேன். இப்போது எல்லாமே சுட்டன. பெரியவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

“இனிமே அவ வந்தாளா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? பழசையே மாட்டிடுப்பா.”

செத்த ஹீட்டரையே திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்தத் தொழிலில் இப்படி ஒரு ரிப்பேர் நான் செய்ததே இல்லை. கை இன்னும் சிவந்திருக்கிறது. வலியில்லை.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. அறையில் குளிர் தாங்கவில்லை. வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். என் டம்ளரைப் பரணில் போட்டுவிடாதே. மற்றதோடு சேர்த்துக் கழுவி, தினமும் ஒருமுறை தொட்டுப் பார். ஜில்லென்று இருக்கும்வரை நான் நன்றாக இருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்