கச்சான் காட்டிய மேற்கு

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையிலிருந்தே கச்சான் காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் பக்கத்து வீட்டு மாடியில். பூசை முடிந்து மாதா கோயில் பங்கு வேனில் செம்பாறைப் பள்ளம். கோவில்பட்டி தாண்டி மேற்கே. எதற்கு? சூரியன் இறங்குவதைப் பார்க்க. கடலில் உதிப்பது நமக்கு ஓசி. இறங்குவதற்குத்தான் வேன் பிடிக்க வேண்டியிருக்கிறது.

எடுத்துப்போனது: புளிச்சோறு, அவித்த முட்டை, தண்ணீர் கேன், வீட்டுக்காரர் முட்டிக்குத் தைலம்.

அவருக்கு வர இஷ்டமே இல்லை. நான் விடவில்லை. வியாழக்கிழமை தோணி எடுக்கிறார். மாலத்தீவு, காய்கறிச் சரக்கு, ஏழு ஆட்கள். தோணிக்குத் தலைவர் தண்டல் என்றால், தண்டல் பெண்டாட்டிக்கு ஒரு நாளாவது புருஷன் வேண்டாமா?

இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் பள்ளம், நாலைந்து ஆடு. சாயங்காலம் பாறையெல்லாம் சிவப்பு. கூட்டம் முழுக்க மேற்கே போனைத் தூக்கிக்கொண்டு. இவரைக் காணோமே என்று பார்த்தால், தனியாக, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ப் பாறையைப் பார்த்து நிற்கிறார்.

"ஏளா, எவ்வளவு பெருசா இறங்குது, பாத்தியா?"

விளையாட்டு என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண் கூசுகிற மாதிரி நெற்றியில் கையை வேறு வைத்துக்கொண்டார். சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால்.

கடல்காரனுக்குக் கச்சான் அடிக்கிற பக்கம்தான் மேற்கு. கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். இந்தப் பள்ளத்திலோ காற்று பாறையில் முட்டி, திரும்பி கிழக்கேயிருந்து வருகிறது. அது முகத்தில் அடித்ததை நம்பி நின்றிருக்கிறார். எதிர்ப் பாறையில் பட்ட சிவப்பைச் சூரியன் என்று நினைத்திருக்கிறார்.

"ஆமா, அழகா இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல.

8, திங்கள்

வெயில். மாதா பிறந்தநாள் பூசைக்குப் போகவில்லை. அடுப்படி வாசலில் அவருக்கு நாலடி முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். என்னைத் தாண்டிப் பார்த்து, "ஏளா, எங்க போயிட்ட?" என்றார்.

மாதாவே.

பைக்கை விற்றது - முட்டி வலியாம். மீனில் முள் எடுத்துத் தரச் சொல்வது - செல்லமாம், நானும் பூரித்துப் போனேன். வாட்சப் வந்தால், "நீயே வாசி, ஒன் குரல்ல கேக்கணும்." எட்டு மாசம் கடல், நாலு மாசம் வீடு. அந்த நாலு மாசத்திலும் ஒரு நாள் நாற்காலியில் இடித்ததில்லை. நான் எதையும் இடம் மாற்றுவதில்லையே.

முட்டாள். அவர் இல்லை, நான்.

9, செவ்வாய்

பஸ் பிடித்து முத்தையாபுரம், தம்பி சேவியர் வீடு. அவனும் அதே தோணியில்தான் வேலை. "எலே, ஒன் மச்சானுக்குக் கண்ணு தெரியல" என்றேன். காப்பித் தம்ளரைக் கீழே வைத்தான்.

"இப்பதான் தெரியுமாக்கா?"

"அப்ப தோணி எப்படிலே போகுது?" என்றேன்.

"மச்சான் சொல்லுதாரு, நாங்க சுக்கான் பிடிக்கோம். காத்தும் நீரோட்டமும் அவருக்கு அத்துப்படிலா. கண்ணு டெஸ்டுக்குப் போர்டு எழுத்தெல்லாம் நாந்தான் மனப்பாடம் பண்ண வச்சேன்."

ஏழு பேருக்கும் தெரியும். சமையல்காரனுக்குக்கூடத் தெரியும். இருபத்தெட்டு வருசம் கூடப் படுத்தவளுக்குத் தெரியாது.

அறைந்துவிட்டேன். நாற்பது வயது ஆளை, அவன் பெண்டாட்டி முன்னால். "குறுக்க கப்பல் வந்தா அதையும் காத்தா சொல்லும்?" என்றேன்.

10, புதன்

தூறல். கேட்டேவிட்டேன். மறுக்கவில்லை. "இந்த ஒரு நடை மட்டும்ளா. அதோட நிறுத்திருதேன்."

"போன நடைக்கும் இதத்தான் நெனச்சிருப்பீங்க."

குடையை எடுத்துக்கொண்டு நேரே தோணி முதலாளி வீடு. வாசலில் நின்றே சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு, "நெசமாவா தாயி?" என்று மூன்று தடவை கேட்டார். உடனே போன் போட்டார்.

வீட்டுக்கு வந்தால் இவருக்குச் செய்தி முந்திக்கொண்டு வந்திருந்தது. "என்னை உயிரோட பொதைச்சுட்ட."

"ஏழு பேரோட தண்ணிக்குள்ள தேடுறதுக்கு இது மேல்."

சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். சாப்பிடவில்லை, இரண்டு பேரும்.

11, வியாழன்

தோணி போய்விட்டது. வேறு தண்டல். சேவியரும் போயிருக்கிறான், சொல்லிக்கொள்ளவில்லை.

கண் ஆஸ்பத்திரி. அவரும் வந்தார். சொட்டு மருந்து, ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள், பிறகு மிஷினில் நாடியை வைக்கச் சொன்னார்கள். டாக்டரம்மா சின்னப் பெண். நரம்பு காய்ந்துவிட்டதாம். போனது வராது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம்.

"எத்தனை நாளா அண்ணாச்சி, ஆள் முகம் தெரியல?"

அவர் கையைத் தட்டினேன். "சொல்லுங்க" என்றேன்.

"சின்ன மக கல்யாணத்துக்கு முந்தியே."

நாலு வருசம். கோயில் வாசலில் அவள் முக்காட்டை விலக்கி, "எம் மக எப்படி இருக்கா பாருங்கடே" என்று ஊரையே கூப்பிட்டாரே. பேத்தி பிறந்த அன்றைக்குத் துணியோடு வாங்கி, முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, என்னிடம் "அப்படியே ஒன் மூக்கு" என்றாரே.

அந்த மூக்கை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது?