பட்டியலில் ஒரு கரடி

அன்புள்ள மகனுக்கு,

எனக்கு மறதி வந்துவிட்டதாக நீ எல்லாரிடமும் சொல்லி வருகிறாய். அது தவறு. மாடி வீட்டு டாக்டர் மனைவி இப்போது என்னிடம் ஒவ்வொரு சொல்லாக, உரக்கப் பேசுகிறாள். மறதிக்கும் காது மந்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவள். மறதிக்காரியிடம் பிள்ளையை ஒரு மாதம் விட்டு வைக்க உனக்கு மட்டும் தயக்கமில்லை.

வீட்டை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறேன், எனக்கு ஓர் அறை ஒதுக்குங்கள் என்று முதியோர் இல்லத்து மேலாளருக்கு என் மின்னஞ்சலிலிருந்து கடிதம் போயிருந்தது. நான் எழுதவில்லை என்றேன். "எழுதிட்டு மறந்துட்டீங்கம்மா" என்றாய், குரலில் அத்தனை தேன். இரண்டு வாரம் என்னையே நான் சந்தேகித்தேன். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தரம் எழுந்து போய்ப் பார்த்தேன். அந்த இரண்டு வாரத்துக்காக உன்னை மன்னிக்க மாட்டேன்.

பிறகு விடுமுறைக்கு உன் மகள் வந்தாள். ஒன்பது வயது, ஷூ லேஸ் ஒழுங்காகக் கட்டத் தெரியாது. கம்ப்யூட்டரில் அந்தக் கடிதத்தையே நான் வெறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "நகருங்க பாட்டி" என்றாள். நாலு தட்டுத் தட்டினாள். என் மின்னஞ்சலை எந்தெந்தக் கம்ப்யூட்டரில், எப்போது திறந்தார்கள் என்ற பட்டியல் வந்து நின்றது. ஒன்று என்னுடையது. இன்னொன்றின் பெயர் 'கரடி'.

கைதட்டிச் சிரித்தாள். "ஐ, அப்பா லேப்டாப்! நான்தான் பேரு வெச்சேன். அப்பாவுக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாது பாட்டி." அவளைக் கொண்டே எல்லாம் அமைத்துக்கொண்டாயாமே. என்ன பெயர் வைத்தாள் என்றாவது பார்த்திருக்கலாம்.

கரடி என் மின்னஞ்சலைத் திறந்தது ஒன்பதாம் தேதி, காலை பத்தே முக்கால். கடிதம் போன நேரமும் அதுதான்; இத்தனை நாள் அந்த நேரத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அப்போது நான் கண்புரை எடுக்க ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்தேன். உனக்கு அது தெரியாது. முதல் நாள் சொல்ல வந்தேன். "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று போனை வைத்துவிட்டாய்.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம். பட்டியலையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் மூன்று பிரதி எடுத்தேன். மேலாளருக்கு ஒன்று, வக்கீலுக்கு ஒன்று போயாயிற்று. மூன்றாவது உறைமேல் உன் மனைவியின் பெயர் எழுதியிருக்கிறேன். தபால்தலை மட்டும் இன்னும் ஒட்டவில்லை.

சிரித்து ஓய்ந்த பிறகு உன் மகள் கேட்டாள்: "அப்பா எதுக்கு பாட்டி உங்க பேர்ல எழுதினாரு?" என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. அப்பாவே உனக்கு எழுதுவார் என்றேன். அன்று முதல் தினமும் காலையில் ஓடிப்போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள்.

நீ நீண்ட ஆயுளோடு இரு. முதுமையில் உன் மகள் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும், நீ என்னைப் பார்த்துக்கொண்டது போலவே.

அவளுக்குப் பதில் எழுது. காகிதத்தில், பேனாவால், உன் பெயரிலேயே எழுது.

இப்படிக்கு,
அம்மா