பத்து சேத்தாச்சா?

நேற்று ஜெலுத்தோங்கில் உள்ள நம் தச்சுப் பட்டறையில் பலகைகளை அடுக்கும்போது, ஒரு தேக்குத் துண்டில் உன் பென்சில் கோடு கண்ணில் பட்டது. நீ குறைத்து வெட்டி வீணாய்ப்போன அதே பலகை. நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது.

உன் அளவு டேப்பின் கொக்கி வளைந்திருக்கும். புதிது வாங்கச் சொன்னால், "கை பழகிருச்சு லா" என்பாய். அந்த நுனியை நம்பாமல் பத்து சென்டிமீட்டர் கோட்டிலிருந்துதான் அளப்பாய். அறுபது வேண்டுமென்றால் எழுபதில் கோடு போட வேண்டும். நீ மறந்துவிடக்கூடாதே என்று, வெட்டுமுன் ஒவ்வொரு முறையும் கேட்பேன்: "பத்து சேத்தாச்சா?"

"சேத்தாச்சு, சேத்தாச்சு."

கூட்டாளிகளாக இருந்த இத்தனை வருடத்தில் நாம் பேசியதில் பாதி இதுதான்.

ஆயர் ஈத்தாமில் புதுவீடு கட்டிய அக்காவுக்குச் சாமி அலமாரி செய்த வாரம் நமக்குள் பேச்சில்லை. மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் மூலைமட்டத்தைச் சிமெண்டுத் தரையில் தவறவிட்டுக் கோணலாக்கியவன் நான்தான். ஒன்றும் தெரியாதவன் போல ஆணியில் மாட்டிவைத்தேன். சட்டம் கோணலாக வந்ததும் கண்டுபிடித்துவிட்டாய். "விழுந்தா பரவால்ல. சொல்லிரணும்" என்றாய், அவ்வளவுதான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் நீ டேப்பைப் பத்தில் பிடித்து, அறுபதிலேயே கோடு போட்டாய். ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கேள்வி வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். கதவுப் பலகை பத்து குறைந்து கையில் வந்தது.

புதுமனை புகுவிழாவில் அக்கா கதவில்லாத அலமாரி முன் விளக்கேற்றினார். "என் தப்புதான்கா, அளவ மறந்துட்டேன்" என்று நீ தலைகுனிந்து நின்றாய். பக்கத்தில் நான் பிடித்துவைத்த பிள்ளையாராட்டம் இருந்தேன். பிறகு நீ வேறு கதவு செய்து மாட்டினாய். நாமும் பழையபடி பேசினோம், சேர்ந்து தேத்தண்ணி குடித்தோம். பார்த்தும் கேட்காமல் விட்டதை மட்டும் நான் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றிருந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

இன்று காலை அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அலமாரிக் கதவைத் திறந்து மூடிக் காட்டினார்.

"எந்தத் தப்பு தம்பி? நல்லாத்தானே லா இருக்கு. சாப்ட்டீங்களா?"

அவருக்கு நினைவே இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது கண் கலங்கிவிட்டது. உன்னைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. என்னைத் திட்ட வேண்டியவன் நீ ஒருவன்தான். அந்தத் திட்டை வாங்காமலே இருக்கிறேன்.